ஊர் கூடி அணைக்கும் தீ

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ சமயமோ பேசப்படுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வாளித் தண்ணீரைப் பற்றியது. ஒரு வீட்டில் தீப்பற்றும்போது, சம்பளம் வாங்காத அயலவர்கள் ஒழுங்காகச் சேர்ந்து அதனை அணைப்பதற்கு உலகத்தின் பல ஊர்களில் படை அமைத்திருக்கிறார்கள். தொண்டர் தீயணைப்புப் படை என்று அதனைச் சொல்லலாம். அந்தப் படைகள் எப்படித் தோன்றின, எதனாற் சிறந்தன, எதனாற் கெட்டன என்பதைச் சொல்லி, நமது ஊருக்கு அதில் என்ன பாடம் உண்டு என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

நெருப்பு நமக்குப் புதியதன்று. ஐம்பூதங்களுள் ஒன்றாக அதனைப் போற்றுகிறோம். திருக்கார்த்திகையன்று கோயில் வாசலிற் சொக்கப்பானை கொளுத்துகிறோம். அந்த நெருப்பை நாம் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், பலர் பார்த்திருக்க மூட்டுகிறோம். ஆகையால் அது நமக்கு அடங்கி நிற்கிறது. பார்த்திருக்க ஆளில்லாத நெருப்பே பகையாகிறது.

நமது குடாநாட்டின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் ஊறும் நீரையே கிணறு வெட்டி எடுத்து வாழ்கிறோம். நமது முன்னோர் பனையோலையாலும் கிடுகாலும் வீடு வேய்ந்தார்கள். வளவைச் சுற்றிலும் ஓலை வேலி அடைத்தார்கள். முற்றத்தில் வைக்கோற்போர் வைத்தார்கள். புகையிலை விளைந்த ஊர்களிலோ தேங்காய்ப் பொச்சை மூட்டிப் புகை போடும் குடில்களும் இருந்தன. ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் ஒரு குடிசையிற் பிடித்த பொறி, வேலி வழியே ஓடி அடுத்த வளவுக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? ஒருவன் வீட்டு நெருப்பு அவனுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை அந்த ஓலை வேலியே நமக்குக் கற்பித்தது.

"ஐயோ, நெருப்பு!" என்ற குரல் கேட்டால் ஊர் ஓடிவரும். ஒருவர் துலா மிதிப்பார், ஒருவர் பட்டையைப் பிடிப்பார், ஒருவர் கூரைமேல் ஏறுவார். இந்த நல்ல மனம் நம்மிடம் என்றும் குறைந்ததில்லை. ஆனால் நல்ல மனம் வேறு, ஒழுங்கு வேறு. நூறு பேர் கூடி நூறு விதமாகச் சத்தமிட்டால், பத்துப்பேர் ஒரே முறையாகச் செய்யும் வேலைக்கு அது ஈடாகாது. தொண்டர் படைகளின் வரலாறு முழுவதும், நல்ல மனத்தை ஒழுங்காக மாற்றிய வரலாறே.

பழைய உரோமாபுரியில், கி.பி. 6ஆம் ஆண்டில், அகுஸ்து மன்னன் இரவுக் காவலும் தீயணைப்பும் செய்வதற்கு ஏழு அணிகள் கொண்ட ஒரு படையை அமைத்தான். அது அரசன் அமைத்த படை. ஊரவர் தாமே அமைத்துக்கொண்ட படைகள் நெடுங்காலத்துக்குப் பின்பே பெயர் பெற்றன. இடைக்காலத்தில் மாநகரங்கள் வெந்து தணிந்தன. 1666ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஒரு வெதுப்பகத்திலே பிடித்த தீ நான்கு நாள் எரிந்து, 13,000க்கு மேற்பட்ட வீடுகளையும் 87 கோவில்களையும் அழித்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1672இல், ஒல்லாந்து தேசத்தின் அம்ஸ்ரடாம் நகரில் வான் டெர் ஹெய்டன் என்னும் ஓவியரும் அவருடைய சகோதரரும், தோலினாற் குழாய் தைத்து, நீரை எரியும் இடத்துக்கு அருகிலேயே கொண்டுபோகும் வழியைக் கண்டார்கள். தூர நின்று நீரை வீசிய காலம் அதனோடு மாறத் தொடங்கியது.

கிழக்கே யப்பான் தேசத்தைப் பாருங்கள். இன்று தோக்கியோ எனப்படும் ஏதோ நகரம் அந்நாளில் மரத்தாலும் கடதாசியாலும் அமைந்த வீடுகள் நிறைந்தது. அங்கே 1720ஆம் ஆண்டளவில் நகரத்துக் குடிமக்கள் தெருத்தெருவாகப் பிரிக்கப்பட்டு, 47 தீயணைப்புக் குழுக்களாக அமைக்கப்பட்டார்கள். அவர்களிடம் நீர் சிறிதே இருந்தது. ஆகவே நீண்ட கொக்கிகளைக் கொண்டு, தீ போகும் திசையில் நின்ற வீடுகளை முன்னதாகவே இழுத்து வீழ்த்தினார்கள். தீ தின்பதற்கு ஒன்றுமில்லாத இடைவெளியை உண்டாக்குவதே அவர்கள் முறை.

இனி, இந்த வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிலடெல்பியா என்னும் நகரம். அங்கே பென்ஜமின் பிராங்கிளின் என்னும் அச்சுத் தொழிலாளி ஒருவர் பத்திரிகை நடத்தி வந்தார். 1730இல் அந்த நகரத்துத் துறைமுகப் பண்டசாலைகளில் பெருந்தீ பிடித்தது. அணைப்பதற்குரிய கருவிகள் நகரத்தில் எவ்வளவு குறைவு என்பதை அன்று யாவரும் கண்டார்கள். பிராங்கிளின் 1735இல் தமது பத்திரிகையிலேயே புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினார். தணல் எடுத்த கரண்டியை மூடாமல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அதில் எச்சரித்தார். வந்தபின் மருந்து தேடுவதிலும் வருமுன் காப்பது பன்மடங்கு மேல் என்று வற்புறுத்தினார். பொஸ்ரன் நகரத்தில் இத்தகைய கழகங்கள் முன்னரே இருப்பதையும் எடுத்துக் காட்டினார்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1736ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள், 'யூனியன் தீயணைப்புக் கம்பனி' என்ற தொண்டர் படை தோன்றியது. அப்பொழுது பிராங்கிளினுக்கு வயது முப்பது. இங்கே முன்வரிசையில் இருக்கும் இளைஞர் பலருக்கு ஏறக்குறைய அதே வயது என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் படையின் விதிகள் மிக எளியவை. ஒவ்வோர் அங்கத்தவரும் குறித்த தொகையான தோல்வாளிகளையும், உறுதியான சாக்குகளையும் தம் சொந்தச் செலவில் வைத்திருக்க வேண்டும். வாளி நீர் கொண்டுவர; சாக்கு எரியும் வீட்டுப் பொருள்களை வெளியே எடுத்துச் செல்ல. அந்தக் குழப்பத்திற் களவு போகாதபடி காவல் நிற்பதும் அங்கத்தவர் கடமையே. மாதம் ஒருமுறை எல்லாரும் கூடித் தீயணைப்பைப் பற்றிப் பேசவேண்டும். கூட்டத்துக்கு வராதவர் சிறு தண்டம் கட்டவேண்டும். அந்தத் தண்டப்பணம் சேர்ந்து சேர்ந்து ஏணியாகவும், கொக்கியாகவும், நீர் பாய்ச்சும் இயந்திரமாகவும் மாறிற்று. சோம்பலும் பொது நன்மைக்குப் பயன்பட்ட விந்தையை அங்கே காண்கிறோம்.

முப்பது பேர் சேர்ந்தவுடன் படை நிறைந்துவிட்டது. பின்னர் வந்தவர்களிடம், "நீங்கள் உங்களுக்கென்று வேறொரு படை அமையுங்கள்" என்றார்கள். அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாகப் படைகள் தோன்றி, நகரத்தின் பெரும்பகுதியைத் தழுவிக்கொண்டன. பெரிய ஒரு சங்கத்தைக் கட்டி ஆளவேண்டும் என்ற ஆசையை விட்டு, சிறிய சங்கங்கள் பல பெருக இடங்கொடுத்தமையே அவர்களின் வெற்றிக்குக் காரணம்.

இன்னுமொரு செய்தி. இந்தப் படையை அமைப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1731இல், பலர் சந்தாப்பணம் சேர்த்துப் பொதுவில் நூல் வாங்கிப் படிக்கும் ஒரு நூலகத்தையும் அதே பிராங்கிளின் தொடங்கியிருந்தார். வாசிகசாலை தொடங்கியவரே வாளிப் படையையும் தொடங்கினார். அறிவை வளர்ப்பதும், வளர்ந்ததைக் காப்பதும் ஒரே தொண்டின் இரு கைகள் என அவர் கருதினார் போலும்.

நூலகத்தையும் நெருப்பையும் ஒருங்கே சொல்லும்போது, நம் எல்லார் நெஞ்சிலும் ஒரு நினைவு எழாமற் போகாது. 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஓர் அன்பரின் முயற்சியில் முளைத்து, ஊர்ப் பெரியோரின் கொடையால் வளர்ந்து, 1959இல் தனக்கெனப் பெருமாளிகை பெற்றது யாழ்ப்பாணப் பொதுசன நூலகம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட வன்செயலில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெற முடியாத ஏடுகளும் சாம்பலாயின. அது விளக்குச் சரிந்து பிடித்த தீயன்று. மனிதர் வைத்த தீ. அத்தகைய தீக்கு வாளி போதாது, நீதி வேண்டும். ஆயினும் சாம்பல் மேட்டில் மறுபடியும் கட்டடம் எழுந்தது, நூல்கள் வந்தன, வாசகர் வந்தனர். காத்தற்கு ஊர் வேண்டும். இழந்தபின் மீட்பதற்கும் ஊரே வேண்டும்.

சபையோரே, தொண்டர் படைகளின் பெருமையை மாத்திரம் சொல்லி நிறுத்தினால் வரலாறு அரைகுறையாகிவிடும். அவை கெட்ட கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் இந்தப் படைகளுக்கிடையே போட்டி முற்றியது. தீப்பிடித்த இடத்துக்கு யார் முதலில் வந்தது, நீர்க்குழாய் யாருக்கு உரியது என்று தெருவில் அடிபட்டார்கள். வீடு ஒரு பக்கம் எரிந்தது. வீரர்கள் மறுபக்கம் கைகலந்தார்கள். மக்கள் சலித்துப் போனார்கள். 1853இல் சின்சினாற்றி நகரமும், 1871இல் பிலடெல்பியா நகரமும் தொண்டர் படைகளை விட்டுச் சம்பளம் பெறும் படைகளை அமைத்துக்கொண்டன. நீராவி இயந்திரம் வந்ததும் ஒரு காரணம். மானம் என்று பேர் சூட்டிக்கொண்ட வீண் பெருமை மற்றொரு காரணம்.

அதனிலும் கசப்பான ஒன்று. 1818இல் அதே பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர் சிலர் தமக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க முயன்றார்கள். வெள்ளையர் படைகள் கூடி அதனை எதிர்த்தன. முயற்சி கைவிடப்பட்டது. தீயை அணைக்க வருகிறேன் என்று வாளியோடு வந்தவனைத் தோலின் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நெருப்பு அப்படி நிறம் பார்த்து எரிந்ததாக எங்கும் செய்தியில்லை.

இதைக் கேட்டு அமெரிக்கரைப் பழிப்பது எளிது. நம்மை நாம் கேட்கவேண்டிய கேள்வியொன்று இருக்கிறது. இந்தக் குடாநாட்டில் இன்னார் இன்ன கிணற்றில் நீர் அள்ளக்கூடாது என்ற கட்டுப்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1957ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதியின் பேரால் ஒருவருக்குப் பொது வசதிகளை மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் கடதாசியில் ஒரு நாளில் வந்துவிடும். நெஞ்சில் வருவதற்கு நாட்செல்லும். தீயணைப்புப் படையொன்று நம்மூரில் அமைவதானால், அதன் முதலாவது விதி இதுவாக இருக்கவேண்டும் என்பது என் துணிபு: நெருப்பு என்ற சத்தம் கேட்டால் எந்தப் படலையும் திறக்கும், எந்தக் கிணற்றிலும் எவரும் அள்ளலாம், எந்த வீட்டுக்கும் எவரும் ஓடலாம். இதற்கு உடன்படாத ஊரில் எத்தனை வாளி வாங்கினாலும் பயனில்லை. நீர்வரிசையில் ஒரு கை விலகினால், வாளி அங்கேயே நின்றுவிடும்.

தொண்டர் படைகள் பழங்கதையாகிவிட்டன என்று எண்ணவேண்டாம். ஜெர்மனி தேசத்தில் இன்றும் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் தொண்டர் தீயணைப்போராக இருக்கிறார்கள்; சிற்றூர்களைக் காப்பவர்கள் அவர்களே. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், 1851இல் வால்பரைசோ துறைமுகத்தில் தொடங்கிய தொண்டர் படை மரபு நாடு முழுவதும் பரவி, இன்றும் அங்கே தீயணைப்போர் சம்பளம் வாங்காத தொண்டராகவே விளங்குகின்றனர். வைத்தியரும் தச்சரும் மாணவரும் மணியோசை கேட்டவுடன் ஒரே வண்டியில் ஏறுகின்றனர்.

நமது நிலைமை என்ன? யாழ்ப்பாண மாநகரசபைக்குத் தீயணைப்புப் பிரிவு உண்டு. அதன் ஊழியர் ஆற்றும் சேவைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் நகரத்திலிருந்து ஒரு வண்டி புறப்பட்டு, ஒழுங்கைகளைக் கடந்து ஒரு கடைக்கோடிக் கிராமத்தை அடைவதற்கு நேரம் செல்லும். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை தீப்பற்றி, பல வியாபாரிகளின் வாழ்வு ஓர் இரவில் கருகிப்போயிற்று. அங்கே அப்பொழுது தீயணைப்பு நிலையம் இல்லாதபடியால், ஏறக்குறைய நாற்பது மைலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலிருந்து உதவி வரவேண்டியிருந்தது. நெருப்பு காத்திருப்பதில்லை. வண்டி வருமுன் உள்ள அந்தச் சில நிமிடங்களே ஒரு வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த நிமிடங்கள் அயலவருக்கு உரியவை.

"இப்பொழுது ஓலை வீடு எங்கே? கல்வீடும் ஓடும் மதிலும் வந்துவிட்டனவே" என்று சிலர் கேட்கலாம். கிடுகு குறைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் விழாவுக்கும் வேள்விக்கும் பந்தல் போடாமல் இருக்கிறோமா? 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், பாடசாலைச் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போதே நாக் குழறுகிறது. கல்வீட்டுக்குள்ளும் வாயுச் சிலிண்டர் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையெங்கும் சமையல் வாயு வெடித்த செய்திகளை நாம் மறக்கவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்குள் பெற்றோல் சேர்த்து வைத்தோரும் உண்டு. ஓலை போனது, ஆபத்து போகவில்லை, உருவம் மாறியிருக்கிறது.

இளைஞர்களே, தீயை அணைக்கும் தத்துவம் மிகச் சுருக்கமானது. எரிவதற்கு ஒரு பொருள் வேண்டும், சூடு வேண்டும், பிராணவாயு வேண்டும். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் தீ அடங்கும். நீர் சூட்டை விலக்குகிறது. நனைந்த சாக்கு காற்றை விலக்குகிறது. கொக்கி எரிபொருளை விலக்குகிறது. யப்பானியர் கையாண்ட அந்தக் கொக்கி நம்மிடம் இல்லையா? முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடி வீட்டுக்கு வீடு இருக்கிறதே! அதனை உறுதியான தடியில், உறுதியான இரும்பிற் செய்தால், எரியும் வேலியை அறுத்து இழுக்கும் படைக்கலமாகும்.

நீர்வரிசை என்ற முறையையும் பழகவேண்டும். கிணற்றடியிலிருந்து எரியும் இடம் வரை இரண்டு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒரு வரிசையில் நிறைந்த வாளி கைமாறிப் போகும். மறு வரிசையில் வெறும் வாளி திரும்பும். எவரும் ஓடுவதில்லை, வாளிதான் ஓடுகிறது. இதைவிட மேலான வசதியும் நமக்கு உண்டு. துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரமும் நீண்ட குழாயும் நம் கமக்காரர் பலரிடம் இருக்கின்றன. அன்று பிலடெல்பியாக்காரர் தண்டப்பணம் சேர்த்து வாங்கிய இயந்திரம் நமது தோட்டத்து மூலையிலேயே கிடக்கிறது. எந்த வளவில் எந்த இயந்திரம், அதன் குழாய் எத்தனை முழம், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்ற கணக்கு மாத்திரமே நம்மிடம் இல்லை.

ஆகவே பெரியோர்கள் முன்னிலையில் சங்கத்துக்குச் சில யோசனைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். முதலாவதாக, ஊரிலுள்ள கிணறுகள், இறைப்பு இயந்திரங்கள், ஏணிகள் ஆகியவற்றின் கணக்கை இளைஞர் வீடுவீடாகச் சென்று எழுதி, வாசிகசாலையில் ஒட்டவேண்டும். இரண்டாவதாக, முப்பதுக்கு மேற்படாத தொண்டர் அணியொன்று அமைத்து, ஒவ்வொருவரும் இரண்டு வாளியும் ஒரு சாக்கும் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, மாதம் ஒருமுறை பயிற்சி செய்யவேண்டும். மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவினரை அழைத்து முறையாகக் கற்கவேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்காவதாக, பெண்களும் இந்த அணியிற் சேரவேண்டும். அடுக்களையில் எழும் நெருப்பை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் நீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடவேண்டும் என்பதையும், மின்சாரத் தீயானால் முதலில் மின்னோட்டத்தை நிறுத்தவேண்டும் என்பதையும் அவர்களும் நாமும் சேர்ந்தே படிக்கவேண்டும். ஐந்தாவதாக, திருவிழாப் பந்தல் எழும் இடமெல்லாம் நீர்த்தொட்டியும் இரண்டு அகன்ற வாசல்களும் இல்லாமல் விளக்கு ஏற்றப்படலாகாது என்று கோயில் அறங்காவலர்களை வேண்டிக்கொள்ளவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தொண்டு என்பது உயிரை வீணாகப் பணயம் வைப்பதன்று. பயிற்சியில்லாதவர் எரியும் வீட்டுக்குள் நுழைந்து இன்னொரு பிணமாவதால் எவருக்கும் நன்மையில்லை. முதலில் ஆட்களை வெளியேற்றுதல், அடுத்து அயல் வீடுகளைக் காத்தல், அதன்பின்பே பொருள் என்ற வரிசை மாறக்கூடாது. பெரிய தீயானால் வண்டி வரும்வரை தடுத்து நிற்பதே நமது வேலை.

பெரியோர்களே, இளைஞர் கேட்பது பெருநிதியன்று. ஒரு கல்யாண வீட்டு வெடிகளுக்குச் செலவாகும் பணத்தில் வாளியும் கொக்கியும் வாங்கிவிடலாம். உங்கள் படலைகளைத் திறந்து விடுவோம் என்ற ஒரு வாக்கை இந்தச் சபையில் தாருங்கள். அதுவே முதற் சந்தாவாகும். இளைஞர்களே, மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவோம் என்ற வாக்கை நீங்கள் தாருங்கள். தீ என்றைக்கு வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும் நாளில் நம்மூரவர் வாளி தேடி ஓடாமல், வரிசையில் நிற்பவர்களாக இருக்கட்டும்.